கராளனின் பேத்தியைக் காப்பாற்றிய மெகருன்னிசா அக்கா

சென்ற வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டீச்சர் வாசலில் வந்து நின்று, ஓசூரிலிருந்து எனக்குப் போன் வந்திருப்பதாகச் சொன்னார். கையில் பிடித்த கரண்டியோடு ஓடினேன். பேசியது செல்வராணி. ஓசூர் கம்பெனியில் என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த திருநெல்வேலிப் பெண்.

"ஏ மாதம்மா, நம்ம மெகர் அக்கா போயிட்டாவ. காலைல தொழுகைக்கு எந்திரிச்சவிய, அப்படியே செவுத்துல சாஞ்சிட்டாவளாம்" என்றாள்.

டீச்சர்தான் ரிசீவரை வாங்கி வைத்தார். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். அன்றைக்குப் போன வழி எனக்கு நினைவில்லை.

மெகருன்னிசா அவர்கள் ஓசூர் தொழிற்பேட்டையில், மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் பயன்படுகிற ரிலே என்னும் சிறு கருவியைச் செய்யும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடம் காயில் என்கிற கம்பிச்சுருள் சுற்றியவர். தளியைத் தாண்டி, காட்டை ஒட்டி இருக்கிற ஜவளகிரியில் பிறந்தவர். அவருடைய வாப்பா அங்கே புளி வியாபாரம் செய்தார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், தெருவில் தெலுங்கு. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாற்பத்து மூன்று வயதில் காலமாகிவிட்டார். அவரை அறியாதவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது, அவர் ஒரு கதையின் முடிவை மாற்றினார் என்பதுதான். அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், பத்தொன்பது வயதில் நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். பாரூர் ஏரிக்கால்வாய் பாயும் ஒரு சிறு கிராமம் என் ஊர். மதகுத் தண்ணீருக்கு வந்த சண்டையில் என் அப்பா சின்னப்பையன், பக்கத்து ஊர் அண்ணன் தம்பி இரண்டு பேரை மண்வெட்டியால் வெட்டிக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போனவர். ஊரில் எனக்குப் பெயர் கிடையாது. "கொலைகாரன் மகள்" என்றால்தான் தெரியும். அம்மா அழுதுகொண்டே என்னை ஓசூரில் விடுதி அறை எடுத்துத் தங்கச் சொல்லி அனுப்பினார். கம்பெனியில் கேட்டவர்களிடமெல்லாம், அப்பா மஞ்சள்காமாலையில் இறந்துவிட்டார் என்று சொல்லி வைத்தேன்.

முதல் நாள் எனக்குக் கம்பி பதினேழு தடவை அறுந்தது. தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி அது. பக்கத்து மிஷினில் இருந்த அக்கா எழுந்து வந்து என் மணிக்கட்டைத் தொட்டார்.

"கம்பிய இழுக்காதே புள்ள. அதுவா வரும். நீ கூடப் போ, போதும்."

அப்போது அவருக்கு இருபத்தேழு வயது இருக்கும். கறுப்பு மூக்குக்கண்ணாடி, எண்ணெய் மினுங்கும் வகிடு, முக்காடு நழுவினால் தோளாலேயே தள்ளிச் சரிசெய்துகொள்ளும் பழக்கம். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். சூப்பர்வைசர் சத்தம் போட்டால்கூட, "நீங்க மொதல்ல தண்ணி குடிங்க சார்" என்பார். அந்த மனிதரும் நிஜமாகவே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு புங்கமரம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டை அங்கேதான் சாப்பிடுவோம். பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டால் மீதி இருபது நிமிடம் கதைக்கு. பெங்களூரிலிருந்து வருகிற ஒரு கன்னட மாதப் பத்திரிகையில் ஒரு விண்வெளித் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அக்கா பஸ் ஸ்டாண்டில் அதை வாங்கி வந்து, கன்னடத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் படிப்பார். எங்கேயும் தடுமாற்றம் இருக்காது. கண் கன்னடத்தில் ஓடும், வாய் தமிழில் ஓடும். அப்படி இரண்டு வருடம் எட்டுப் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம்.

கதையில் கராளன் என்று ஒரு சக்கரவர்த்தி. நட்சத்திரங்களின் ஒளியை உறிஞ்சிக் கோட்டையில் அடைத்து வைக்கிற ஒரு இயந்திரம் அவனிடம் இருந்தது. ஒவ்வொரு சூரியனாக அணைத்துக்கொண்டே வருவான். சூரியன் அணைந்த உலகங்கள் இருட்டில் உறைந்து சாகும். எங்கள் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர்கள் பேசுகிற மாதிரி அக்கா அவனைப் பேச வைப்பார். "ஏன்டா, எவன்டா அவன் என்னக் கேக்காம பிரகாசிக்கறவன்? அணைங்கடா அத!" என்று அவர் சொல்லும்போது நாங்கள் சிரித்துப் புரையேறுவோம்.

ஆனால் நாங்கள் மாதம் முழுக்கக் காத்திருந்தது கராளனுக்காக அல்ல, நீகாரிகாவுக்காக. அவள் கராளனின் பேத்தி. தாய் தகப்பன் இல்லாமல் அந்தக் கோட்டைக்குள்ளேயே வளர்ந்தவள். காவலர் கண்ணில் படாமல் கைதிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். "நீஹாரிகேன்னா கன்னடத்துல வானத்துல இருக்கற புகைமூட்டம், அதுக்குள்ளேருந்துதான் புது நட்சத்திரம் பொறக்குமாம்" என்று அக்கா சொல்லித் தந்தார். அவள் பெயர் வரும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். எதனால் என்று யாருக்கும் தெரியாது.

கடைசி அத்தியாயம் வந்தது. அக்கா அதை மூன்று மத்தியானம் படித்தார். கராளன் சாகிறான். அவனை எதிர்த்து வந்த படைத்தலைவன் கோட்டையைத் தகர்க்கப் போகிறான். "கராளன் ரத்தம் ஒரு சொட்டுக்கூட மிஞ்சக் கூடாது" என்கிறான். அப்போது ஒரு கிழட்டுத் தாதி ஓடிவந்து காலில் விழுகிறாள். நீகாரிகா கராளனின் பேத்தியே இல்லை, அரண்மனைக் குழந்தை பிறந்த அன்றே செத்துவிட்டது, மூன்றாம் சூரியனின் உலகத்திலிருந்து திருடி வந்து மாற்றி வைத்த குழந்தை இவள் என்கிறாள். படைத்தலைவன் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான். கோட்டை வெடிக்கிறது. சூரியன்கள் ஒவ்வொன்றாக மீண்டும் எரிகின்றன.

எல்லோரும் அழுதார்கள். செல்வராணி அக்காவின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை.

அடுத்த வாரம் கம்பி சுற்றும் பாபின் வாங்க ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர் கீப்பர் பசவண்ணா கன்னடக்காரர், அத்திப்பள்ளிப் பக்கம். அவர் மேஜையிலும் அதே பத்திரிகை கிடந்தது.

"உங்க அக்கா படிச்சு முடிச்சாங்களாம்மா? சே, என்ன முடிவு அது! இரண்டு வருஷம் இழுத்துட்டு, கடைசில கோட்டை, கெழவன், மொம்மகளு எல்லாம் ஒண்ணாப் புஸ்ஸுன்னு போச்சு."

"மொம்மகளுன்னா?"

"பேத்திம்மா. அவளும் எரிஞ்சு போனா."

நான் பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். கடைசிப் பக்கத்தில் மொத்தம் பதினோரு வரி. அதற்குக் கீழே முழுக்க ஒரு கூந்தல் தைல விளம்பரம். மூன்று மத்தியானம், ஒரு மணி நேரம், அந்தப் பக்கத்தையும் தைல விளம்பரத்தையும் பார்த்துக்கொண்டு, நிதானமாக இடையிடையே தாளைத் திருப்பி, இல்லாத ஒரு கதையை அக்கா எங்களுக்குப் படித்திருக்கிறார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். இன்று நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் அன்று எனக்கு வந்தது கோபம்தான்.

சாயந்திரம் ஷிப்ட் முடிந்து மெயின் ரோட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"அக்கா, கடைசி அத்தியாயம் பதினோரு வரிதானாமே."

அவர் நின்றுவிட்டார். "பசவண்ணா சொன்னாரா? ஆமா புள்ள. பஸ்ஸுலயே படிச்சிட்டேன். ஒரே வரில அந்தப் புள்ளய எரிச்சிட்டாரு மனுசன். உங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டு அத எப்படிப் படிக்கறது? வாய் வரல. அதான், நானா ஒண்ண…"

"நீங்க சொன்னது அதவிட மோசம் அக்கா."

"என்ன புள்ள இப்படிச் சொல்ற?"

"அவரு அவளக் கொன்னாரு. நீங்க, அவ கராளன் பேத்தியே இல்லன்னு சொல்லிக் காப்பாத்தினீங்க. நெசமாவே பேத்தியா இருந்திருந்தா? செத்துதான் போவணுமா?"

"கதைதானே மாதம்மா, அதுக்கு ஏன் இப்படி…"

"எங்கப்பா சாவலக்கா. ஜெயில்ல இருக்காரு. ரெண்டு பேரக் கொன்னுட்டாரு. நான் அவருக்குப் பொறந்தவதான். என்ன யாரும் மாத்தி வெக்கல."

அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் பஸ் வந்து நின்று போனது. இன்னொன்றும் போனது. அக்கா அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். மெல்ல ரோட்டோரப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, ஐயோ பாவம் என்று சொல்லவில்லை.

"நான் தப்புப் பண்ணிட்டேன். அவ உசுரக் காப்பாத்தறேன்னு நெனச்சிக்கிட்டு, அவ யாருங்கறதையே புடுங்கிட்டேன். நாளைக்கு எல்லார்கிட்டயும் என் பொய்யச் சொல்லிடறேன். உன் சமாச்சாரம் உன்னுது. என் வாயிலேருந்து அது வராது."

என்னைவிட மூத்தவர் ஒருவர் என்னிடம் "தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மறுநாள் மத்தியானம் அக்கா அந்தப் பதினோரு வரியையும் அப்படியே தமிழில் படித்தார். படித்துவிட்டு, "இதுதான் அச்சுல இருக்கறது. மத்ததெல்லாம் நான் விட்ட சரடு. என்ன மன்னிச்சிடுங்க" என்றார்.

செல்வராணிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பம் மூணு நாளா நாங்க அழுதது பூரா சும்மாவாக்கும்?"

"அழுதது சும்மா இல்ல. ஆனா நான் சொன்ன முடிவும் சரியில்ல, அவரு எழுதின முடிவும் சரியில்ல. அவ கராளன் பேத்திதான். அத மாத்தக் கூடாது. அத வெச்சுக்கிட்டு எப்படி முடிக்கறது? சொல்லுங்க."

அன்றைக்கு நடந்த சண்டையை மறக்க முடியாது. உத்தனப்பள்ளியிலிருந்து வருகிற நாகரத்னா தெலுங்குக் குடும்பம், தக்காளி விவசாயம். எதையும் பட்டென்று சொல்கிறவள். "அக்கா, அவ செத்ததே சரி. ஏழு சூரியன் அணைஞ்சிருக்கு. எத்தன சனம் வெறச்சுப் போய்ச் செத்திருக்கு. தாத்தன் அடிச்ச கொள்ளையில தின்னு வளந்தவ மட்டும் நல்லா இருக்கணுமா?" என்றாள். பாதிப் பேர் அவள் பக்கம் தலையாட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. "எங்கப்பா ரெண்டு பேரக் கொன்னவரு. மஞ்சக்காமாலைன்னு சொன்னது பொய்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தபடியே இருந்தார். நாகரத்னா தலையைத் தாழ்த்திக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் தாழ்த்தவில்லை.

"செத்தவங்களுக்குக் குடும்பம் இருக்கா?"

"அண்ணனுக்குச் சம்சாரம் இருக்காங்க. ரெண்டு பிள்ளைங்க. தம்பிக்குக் கல்யாணமாகல."

"அவங்க வாசலுக்கு நீ போனியா?"

"இல்ல."

"அப்ப உங்க நீகாரிகாவும் போவல" என்றாள் நாகரத்னா. மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனோம். அன்று சாயந்திரம் வரை எனக்கு ஒரு கம்பிகூட அறுந்து போகவில்லை. கை தன்பாட்டுக்கு ஓடியது, நான் அங்கே இல்லை.

மறுநாள் அக்கா ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கி வந்தார். "நாகரத்னா கேட்டாளே, அதுதான் கதை" என்றார்.

நான்கு மாதம் எழுதினோம். எட்டுப் பேரும் சொல்வோம், சண்டை போடுவோம், அக்கா எழுதுவார். நீகாரிகா கோட்டையிலிருந்து தப்பவில்லை. தானே அதன் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள். தாத்தா அணைத்த ஏழு சூரியன்களையும் ஒவ்வொன்றாக ஏற்றப் போகிறாள். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால், ஒவ்வொரு உலகத்திலும் மிஞ்சியவர்களின் வாசலுக்குப் போய், "நான் கராளனின் பேத்தி" என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். முதல் உலகத்திலேயே அவளைக் கட்டி அணைத்துக்கொள்ள வேண்டும் என்று செல்வராணி அடம்பிடித்தாள்.

"மொத வாசல்லயே மன்னிச்சிட்டா, அணைஞ்ச சூரியனுக்கு என்ன மரியாத புள்ள?" என்றார் அக்கா. முதல் கதவு திறக்கவில்லை என்று எழுதினார். மூன்றாவதில் கல்லால் அடித்தார்கள். ஐந்தாவதில் ஒரு கிழவி, விளக்கை முதலில் ஏற்று, பேரைப் பிறகு கேட்கிறேன் என்றாள்.

ஏழாவது உலகத்தை எப்படி முடிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் நோட்டு அப்படியே கிடந்தது. கடைசியில் அவள் செத்தே தீர வேண்டும் என்று சொன்ன நாகரத்னாதான் சொன்னாள்.

"ஏழாவதுல யாருமே இல்லக்கா. எல்லாம் செத்துட்டாங்க. காலி வீடுங்க. ஆனாலும் இவ ஒவ்வொரு வாசலா நின்னு பேரச் சொல்லணும். கேக்க ஆளில்லன்னு விட்றக் கூடாது."

அக்கா பேனாவை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அத்தியாயத்தை அவர் படித்துக் காட்டிய மத்தியானம், வெறும் வாசல்களில் ஒரு பெண் நின்று நின்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டு போவதை நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றிருந்ததையும் நாங்கள் கவனிக்கவில்லை. மணி அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அவரும் நின்று கேட்டிருக்கிறார்.

அந்த நோட்டு எங்கெங்கோ போனது. ஒருத்தி தன் அண்ணனுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். அவர் வார்ப்பட ஆலையில் வேலை பார்த்தவர். அங்கிருந்து இன்னொரு பிரதி. கிரீஸ் விரல் பதிந்து, தேநீர் சிந்தி, ஓரங்களில் குறிப்புகளோடு எங்களுக்குத் திரும்பி வந்தது. "இதை ஏற்க முடியாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான்காம் உலகத்துக்கு இன்னொருவர் ஆறு பக்கம் சேர்த்திருந்தார். கன்னடத்தில் இரண்டு பக்கம், தெலுங்கில் அரைப் பக்கம். அக்கா எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தார். நல்லதைச் சேர்த்துக்கொண்டார். ஏற்க முடியாது என்றவர் யார் என்று விசாரித்து, அவருக்குப் பதில் எழுதினார். முழுவதையும் கன்னடத்தில் எழுதிப் பத்திரிகைக்கும் அனுப்பினார். பதில் வரவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

நோட்டை முடித்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீகாரிகா ஏழு உலகம் போய்விட்டாள். நான் ஓசூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை. அக்காவிடம் போய் நின்றேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. "ஞாயித்துக்கெழம போலாம். நானும் வர்றேன்" என்றார். அவர் மகள் ஷாகிரா பிறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இடுப்பில் குழந்தையோடு கிருஷ்ணகிரி வரை ஒரு பஸ், அங்கிருந்து பாரூர் பஸ், பிறகு கால்வாய்க் கரை மேலேயே நடை.

கொலையான அண்ணனின் மனைவி ராஜம்மா களத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து முறத்தை நிறுத்தினார்.

"யாரு?"

"நான் சின்னப்பையன் மகளுங்க. மாதம்மாள்."

அவர் மறுபடி புடைக்கத் தொடங்கினார். மூன்று முறம் நெல் புடைத்தார். பதர் என் புடவை மேலெல்லாம் வந்து விழுந்தது. அப்புறம் தலை நிமிராமலே சொன்னார்:

"சொல்லிட்டயில்ல? கேட்டுட்டேன். போ."

நான் திரும்பினேன். அப்போது அவர் அக்காவைப் பார்த்து, "ஏம்மா, பச்சப்புள்ளய இந்த வெயில்ல வெச்சிக்கிட்டா நிப்பாங்க? அந்தப் பக்கம் நெழல்ல போயி நில்லு" என்றார். அக்கா போய் நிழலில் நின்றார். குழந்தைக்கு ஒரு சொம்பில் தண்ணீர் வந்தது. எனக்கு வரவில்லை. நான் வெயிலில்தான் நின்றேன்.

கிருஷ்ணகிரி வரும்வரை அக்கா என் கையைப் பிடித்திருந்தார். இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "பேரச் சொல்றப்ப உன் கொரலு நடுங்கல. நான் பக்கத்துல நின்னு கேட்டேன்."

அதன் பிறகு என் பெயரை நான் மறைத்ததில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அப்பா யார், எங்கே இருக்கிறார் என்று நானே சொன்னேன். இரண்டு குடும்பம் எழுந்து போனது. மூன்றாவது குடும்பம் காபியைக் குடித்து முடித்தது. மூன்று தடவையும் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பா ஜெயிலிலேயே இறந்தபோது, சுடுகாட்டு வாசல் வரை வந்து நின்ற கம்பெனிக்காரர் அவர் ஒருவர்தான்.

களத்துமேட்டிலிருந்து நாங்கள் திரும்பி எட்டு வருடம் கழித்து, ஒருநாள் கையில் பையோடு ஒரு பெண் கிருஷ்ணகிரியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நான் ராஜம்மா மக, வசந்தா. ஓசூர்ல வேலைக்குப் போவணும். அங்க வேல பாத்தவங்கள்ல உங்களத்தான் எங்களுக்குத் தெரியும்னு அம்மா சொன்னாங்க" என்றாள்.

அன்றைக்கே அவளை அழைத்துக்கொண்டு ஓசூர் போனேன். அக்கா விஷயத்தைக் கேட்டு, விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, ஆள் எடுக்கிற பெர்சனல் ஆபீசில் தானே போய்ப் பேசி, வேலை கிடைக்கிற வரை மூன்று மாதம் தன் வீட்டிலேயே அவளை வைத்துக்கொண்டார். அவர் கணவர் அன்வர் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இரண்டே அறைகள் கொண்ட வீடு. அவர் முணுமுணுக்காமல் கடையிலேயே படுத்துக்கொண்டார்.

நான் அழுதுகொண்டே, "அவங்க என்ன மன்னிச்சிட்டாங்க அக்கா" என்றேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியெல்லாம் நெனச்சுக்காதே. அந்தப் பொண்ணுக்கு வேல வேணும், அவ்ளோதான். நல்லாக் கம்பி சுத்தக் கத்துக்கட்டும். மத்தது அவங்க சொல்லும்போது கேட்டுக்கலாம்."

அவர் அப்படித்தான். எனக்கு இனிப்பாக ஒரு பொய் சொல்லும் வாய்ப்பு அதற்குப் பிறகு அவருக்கு எத்தனையோ வந்தது. ஒன்றைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை சிகிச்சைக்காகப் பெங்களூர் போய் வந்தார். போகிற பஸ்ஸில் கன்னடக் கதை, வருகிற பஸ்ஸில் தூக்கம் என்று சிரிப்பார். சென்ற மாதம் பார்க்கப் போயிருந்தேன். மிகவும் இளைத்திருந்தார். பேச்சு அந்தப் பழைய தொடர்கதைக்குப் போனது.

"அந்த எழுத்தாளர் மேல எனக்குக் கோவமே இல்ல மாதம்மா. பாவம், அவருக்கு என்ன அவசரமோ. அவரு பதினோரு வரில நிறுத்திட்டதாலதான் நமக்கு எடம் கெடச்சது" என்றார். பிறகு, என் பிள்ளைகளுக்கு என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். அதுதான் கடைசி.

வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்குள் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். கண்ணாடி இல்லாமல் அந்த முகம் சின்னப் பெண்ணின் முகம்போல இருந்தது. செல்வராணி அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். நாகரத்னா ஷாகிராவை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு நிற்க இடமில்லை. உட்காரவும் இடமில்லை. வாசற்படியில் தயங்கி நின்றேன்.

பாயின் ஓரத்தில் வசந்தாவின் பக்கத்தில் ஒரு வயதான பெண் உட்கார்ந்திருந்தார். ராஜம்மா. இப்போது மகளோடு ஓசூரிலேயே இருக்கிறார். களத்துமேட்டுக்குப் பிறகு இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, காலை மடக்கி, ஒரு முழம் நகர்ந்தார்.

"இங்க உக்காரு" என்றார்.

நான் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேர் தோளும் தொட்டுக்கொண்டிருந்தன. எதிரே அக்கா படுத்திருந்தார்.

சாயந்திரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டோம். அடக்கம் செய்கிற கபரஸ்தானுக்குப் போக எதிரே ஓடும் பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். இரவு பகல் என்று ஓயாமல் லாரிகள் ஓடுகிற சாலை அது. முதலில் ஒரு லாரி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு பஸ்கள், கன்டெய்னர்கள், கம்பெனி வேன்கள். எதிர்ப்பக்கமும் நின்றது. ஒருவர் பின் ஒருவராக டிரைவர்கள் இன்ஜினை அணைத்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றதை ஜன்னல் வழியே பார்த்தேன். அவர்களுக்கு அவர் யார் என்று தெரியாது. தோள் மாற்றி, தோள் மாற்றி, மெகருன்னிசா அக்காவை மெதுவாகச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் அக்கா. நீங்கள் போகிற இடத்தில் உங்களை யார் என்று கேட்டால், உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள். இங்கே நாங்கள் சொல்லிக்கொண்டிருப்போம்.